பெரும்பண்ணை வேலையை ஏற்கலாமா? ஓர் இளம் கால்நடை மருத்துவரின் கேள்வி

கேள்வி: கால்நடை மருத்துவம் படித்து முடித்து ஓராண்டு ஆகிறது. ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்க்கும் பெரிய நிறுவனம் ஒன்று என்னைக் கள மருத்துவராக வரச் சொல்லியிருக்கிறது. சம்பளம் நன்றாக இருக்கிறது, எனக்குக் கல்விக் கடனும் இருக்கிறது. ஆனால் படிக்கும்போது பயிற்சிக்குப் போன பண்ணையில் பார்த்தவை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. தங்கை இறைச்சி சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். "பூமியைக் கெடுக்கிற தொழில் அது, அங்கே போனால் என்னோடு பேசாதே அக்கா" என்கிறாள். அப்பாவோ, "நீ போகாவிட்டால் வேறொருவர் போகத்தான் போகிறார். இரக்கம் உள்ள நீ போனால் அந்தக் கோழிகளுக்காவது நல்லது" என்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோல் படுகிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்:

உங்கள் அப்பா உங்கள் இரக்கத்தைப் பற்றிப் பேசுகிறார். தங்கை உங்கள் மனசாட்சியைப் பற்றிப் பேசுகிறார். நான் கோழி வளரும் ஷெட்டைப் பற்றிப் பேசுகிறேன். ஏனென்றால் குஞ்சுகளைக் கொண்டுவந்து இறக்கிவிடும் நாளன்றே அந்த ஷெட்டில் மூன்று விஷயங்கள் முடிவாகியிருக்கும்: எந்த இனம், சதுர மீட்டருக்கு எத்தனை கோழி, எத்தனையாவது நாள் பிடித்து ஏற்றுவது. இந்த மூன்றையும் முடிவு செய்யும் அறையில் கள மருத்துவருக்கு நாற்காலி கிடையாது. அவர் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆனால் நீங்கள் பார்க்கப்போகும் நோய்களில் பெரும்பங்கு அந்த மூன்று முடிவுகளிலிருந்துதான் வருகிறது. இதைப் புரிந்துகொண்டால் அப்பாவின் வாதம் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்பது தெரிந்துவிடும்.

முதலில் இனம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2014இல் வெளியானது. 1957க்குப் பிறகு தெரிவு இனப்பெருக்கம் (வேண்டிய குணமுள்ள கோழிகளை மட்டும் தேர்ந்து இனம் பெருக்குவது) செய்யாமல் காப்பாற்றி வைத்திருந்த கோழி வகை, 1978ஆம் ஆண்டு வகை, 2005இல் சந்தையில் இருந்த கறிக்கோழி ஆகிய மூன்றையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்தார்கள். 56ஆம் நாள் எடை போட்டபோது முதலாவது 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். தீவனமும் பராமரிப்பும் ஒன்றாக இருந்ததால் வித்தியாசம் முழுக்க மரபணுவில்தான். கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று ஊரெல்லாம் நம்புகிறது. ஊசியே தேவையில்லை, அதை மரபிலேயே எழுதியாகிவிட்டது. (தனித்தனியாகப் பிடித்து ஊசி போட யாருக்கு நேரமும் ஆளும் இருக்கிறது என்று யோசித்தாலே அந்த வதந்தி பாதி செத்துவிடும்.)

இதன் விலையை உடம்பு கொடுக்கிறது. மார்புத் தசை வளரும் வேகத்துக்கு இதயமும் நுரையீரலும் ஈடுகொடுக்க முடிவதில்லை. தசை கேட்கும் ஆக்சிஜனை அனுப்ப வலது இதயம் திணறிப் பெருத்துவிடுகிறது, கடைசியில் வயிற்றில் நீர் கோக்கிறது. நேற்று வரை தீவனத் தட்டில் முதலில் நின்ற நல்ல எடையுள்ள சேவல் இன்று இறக்கையடித்து மல்லாந்து செத்துக் கிடக்கும். காலெலும்பு முற்றுவதற்கு முன்பே எடை ஏறிவிடுவதால் கடைசி வாரத்தில் பல கோழிகள் நடப்பதைவிட உட்கார்ந்திருப்பதே அதிகம். உட்காரும் இடமோ ஈரமான ஆழ்கூளம், அதாவது தரையில் தடிமனாகப் பரப்பிய உமி, மரத்தூள் போன்றவை. எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம் அமோனியாவாக மாறி மேலே எழும்பும்போது கண் எரியும். அதே ஈரம் பாதத்தையும் கணுக்கால் மூட்டையும் நெஞ்சுத் தோலையும் வெந்த புண்ணாக்கும். பயிற்சியில் நீங்கள் பார்த்தது அநேகமாக இதுதான். கொடூரமான பண்ணையாளர் எவரும் இதற்குத் தேவையில்லை. கோழியைத் துன்புறுத்தக் கூசும் நல்ல மனிதர் நடத்தும் ஷெட்டிலும் இதேதான் நடக்கும்.

அடர்த்திக்குக் கணக்கைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007ஆம் ஆண்டு விதிப்படி சதுர மீட்டருக்கு 33 கிலோ உயிர் எடை வரை அனுமதி உண்டு. காற்றோட்டம், இறப்பு விகிதம் போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றினால் அது 42 கிலோ வரை போகலாம். இரண்டு கிலோ கோழி என்றால் ஒரு சதுர மீட்டரில் 16லிருந்து 21 கோழிகள். இது விலங்கு நலச் சட்டம் கடுமையாக உள்ள இடத்தின் உச்சவரம்பு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டமே இல்லாத இடங்களில் வரம்பை நிர்ணயிப்பது எஃப்.சி.ஆர்.தான். தீவனம் எவ்வளவு போய் எடை எவ்வளவு வந்தது என்ற அந்த ஓர் எண் நன்றாக இருக்கும் வரை, இடம் போதவில்லை என்று நீங்கள் எழுதும் அறிக்கையை யாரும் படிக்கப்போவதில்லை.

கறிக்கோழியைப் பற்றிப் பேசுபவர்கள்கூட அதன் தாயைப் பற்றிப் பேசுவதில்லை. குஞ்சு கொடுக்கும் தாய்க்கோழிக்கும் அதே மரபணு, அதே பசி. வயிறு நிறையத் தீவனம் வைத்தால் பருத்து, முட்டையிடும் வயதை எட்டும் முன்பே பல செத்துவிடும். ஆகவே வளர்பருவத்தில் அது தின்ன விரும்புவதில் ஒரு சிறு பங்குதான் கொடுப்பார்கள். சில இடங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தீவனம். உயிரோடு வைத்திருப்பதற்காகவே பட்டினி போட வேண்டிய உடம்பை நாம் உருவாக்கியிருக்கிறோம். காலி தீவனத் தொட்டியையும் சக கோழியின் இறகையும் கொத்திக்கொண்டே இருக்கும் அந்தப் பறவைக்கு மருத்துவராக நீங்கள் என்ன மருந்து எழுதுவீர்கள்? என்னைப் பொறுத்தவரை இந்தத் தொழிலில் பதில் சொல்லவே முடியாத இடம் இது. அடர்த்தியைக் குறைக்கலாம், கூளத்தை மாற்றலாம். இதை மட்டும் இனத்தை மாற்றாமல் சரிசெய்ய வழியில்லை.

முட்டைக்கோழிப் பக்கம் உங்களுக்கு வேலை வரவில்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய கம்பிக் கூண்டில் ஒரு கோழிக்கு ஐரோப்பாவில் கிடைத்தது 550 சதுர சென்டிமீட்டர், ஏ4 தாளைவிடக் குறைவு. 2012 ஜனவரியிலிருந்து அங்கே அது தடை. முட்டையிடாத, கறிக்கும் லாபமில்லாத சேவல் குஞ்சுகளைப் பொரித்த அன்றே அழித்துவிடுகிறார்கள். உலகெங்கும் ஆண்டுக்குப் பல நூறு கோடிக் குஞ்சுகள் இப்படிப் போகின்றன. ஜெர்மனி 2022இல் இதைத் தடை செய்தது. முட்டைக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கும் கருவிகள் அதன் பிறகுதான் வேகமாகப் பரவின. சட்டம் முதலில் வர, தொழில்நுட்பம் பின்னால் ஓடிவந்தது.

இப்போது உங்கள் அன்றாட வேலைக்கு வருகிறேன். கல்லூரியில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நோயாளி என்ற ஒன்றை. ஷெட்டில் அப்படி ஒன்று இல்லை, பேட்ச்தான் இருக்கிறது, அதாவது ஒன்றாக இறக்கி ஒன்றாக வளர்க்கும் கூட்டம். 30,000 கோழியுள்ள ஒரு ஷெட்டில் நூற்றுக்கு நான்கு இறந்தால் 1,200 உயிர். அந்த அளவு ஏற்கெனவே கணக்கில் எழுதப்பட்டிருந்தால் உங்களைக் கூப்பிடவே மாட்டார்கள். இறப்பு எண்ணிக்கை அதைத் தாண்டும்போதுதான் போன் வரும். போய், நாலைந்து கோழியை அறுத்துப் பார்த்து, குடிநீரில் என்ன கலப்பது என்று சொல்லிவிட்டு வருவீர்கள். கால் ஒடிந்து மூலையில் கிடக்கும் ஒரு கோழிக்கு வைத்தியம் பார்க்க அரைமணி நேரம் செலவிட்டால் அது உங்கள் தொழில் குறையாகத்தான் பதிவாகும். 1965இல் பிரிட்டனில் பேராசிரியர் பிராம்பெல் தலைமையிலான குழு, பண்ணை விலங்குக்கு எழவும், படுக்கவும், திரும்பவும், உடலைச் சுத்தம் செய்துகொள்ளவும், கைகால் நீட்டவும் இடம் வேண்டும் என்று சொன்னது. எவ்வளவு சின்னப் பட்டியல் பாருங்கள். பெரும்பண்ணைகள் பலவற்றில் இன்றும் அது நிறைவேறவில்லை.

ஆனால் அப்பா சொல்வது அப்படியே பொய்த்துப்போகவில்லை. குடிநீரில் என்ன கலப்பது என்று சொன்னேனே, அந்த ஓரிடத்தில் உங்கள் பேனாவுக்கு உண்மையான அதிகாரம் உண்டு. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் ஸ்டாக்ஸ்டாட், ஜூக்ஸ் என்ற இருவர் வைட்டமின் பி12 தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தயாரித்து மிஞ்சிய கழிவைக் குஞ்சுகளுக்குத் தின்னக் கொடுத்தபோது அவை வேகமாக வளர்ந்தன. நோயே இல்லாத விலங்குக்குத் தினமும் ஆன்டிபயாடிக் கொடுக்கும் வழக்கம் அங்கிருந்து கிளம்பியதுதான். சிறிய அளவில், நீண்ட காலம், ஆயிரக்கணக்கான உடல்களில் மருந்து ஓடினால் அதைத் தாங்கும் கிருமிதான் மிஞ்சும். மனிதர்களுக்குக் கடைசிக் கையிருப்பாக வைத்திருந்த கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைப் பன்றிகளுக்கும் கோழிகளுக்கும் தாராளமாகக் கொடுத்தார்கள். ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய கொலிஸ்டின் எதிர்ப்பு மரபணு சீனாவில் கண்டறியப்பட்டதாக 2015 நவம்பரில் செய்தி வந்தது. பன்றிகளிலும் இறைச்சியிலும் மருத்துவமனை நோயாளிகளிடமும் அது இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மருந்து பலிக்காமல் படுத்திருக்கும் ஒருவருக்கும் உங்கள் மருந்துச் சீட்டுக்கும் உள்ள உறவு இது.

சுவீடன் 1986லேயே வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை நிறுத்தியது, ஐரோப்பிய ஒன்றியம் 2006இல். நெதர்லாந்து 2009க்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே பண்ணை விலங்குகளுக்கான ஆன்டிபயாடிக் விற்பனையைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தது. எந்தப் பண்ணை எவ்வளவு வாங்குகிறது, எந்த மருத்துவர் எவ்வளவு எழுதுகிறார் என்று கணக்கெடுத்து ஒப்பிட்டுக் காட்டியதே அதில் பெரிய பங்கு. அந்த மாற்றத்தை நடத்தியவர்களில் உங்களைப்போன்ற கள மருத்துவர்களும் இருந்தார்கள். ஆகவே 'உள்ளே போய் நல்லது செய்வது' நடக்காத காரியம் அல்ல. ஆனால் பின்னால் சட்டம் நின்றபோதுதான் அது நடந்தது, தனி ஒருவரின் நல்ல மனதால் மட்டும் அல்ல.

தங்கை பூமியைப் பற்றிச் சொன்னதற்கு வருவோம். மொத்தத்தில் அவர் சொல்வது சரி. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை அவரும் யோசிக்கட்டும்.

உலகில் மனிதர்களால் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களில் கால்நடைத் துறையின் பங்கு 14.5 சதவீதம் என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2013இல் கணக்கிட்டது. 2023இல் வேறு முறையில் கணக்கிட்டு சுமார் 12 சதவீதம் என்றது. எதை எடுத்தாலும் சிறிய பங்கு அல்ல. இதில் பெரும்பகுதி அசைபோடும் விலங்குகளுடையது. மாட்டின் முதல் இரைப்பையில் நார்ச்சத்து நொதிக்கும்போது மீத்தேன் வருகிறது. அது காற்றில் பன்னிரண்டு ஆண்டு அளவே நிற்கும், ஆனால் இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கோழிக்கு இந்த இரைப்பை கிடையாது. ஆகவே ஒரு கிலோ இறைச்சிக்கு எவ்வளவு வாயு என்று பார்த்தால் கோழிக்கு ஆவது மாட்டைவிடப் பலமடங்கு குறைவு.

சிக்கல் இங்கேதான். பருவநிலைக்காக மாட்டிறைச்சியை விட்டுக் கோழிக்கு மாறுங்கள் என்று அறிவுரை சொல்கிறவர்கள் உண்டு. வாயுக் கணக்கில் அது சரி. உயிர்க் கணக்கில், ஒரு மாடு தரும் இறைச்சிக்கு ஈடுசெய்ய நூற்றுக்கு மேற்பட்ட கோழிகள் வேண்டும், அத்தனையும் நான் மேலே சொன்ன உடம்போடு, அந்தக் கூளத்தின் மேல். உலகில் ஆண்டுக்கு 7,000 கோடிக்கு மேல் கோழிகள் அறுக்கப்படுவதற்கு விலை மலிவு ஒரு காரணம் என்றால், 'இது பரவாயில்லை' என்ற இந்த எண்ணமும் இனிமேல் ஒரு காரணமாகப் போகிறது. மாட்டைக் குறைத்துக் கோழியைக் கூட்டுவது ஒரு கெடுதலைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவது. இரண்டும் சேர்ந்து குறைய வேண்டும் என்றால் மொத்த இறைச்சியே குறைய வேண்டும். வேறு கணக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

நிலக் கணக்கும் இதையே சொல்கிறது. 119 நாடுகளில் 38,000க்கும் மேற்பட்ட பண்ணைகளின் தரவைச் சேர்த்து 2018இல் வெளியான ஆய்வொன்றின்படி, இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் ஆகியவை மேய்ச்சல் நிலமும் சேர்த்து உலகின் விவசாய நிலத்தில் 83 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு, நமக்குக் கிடைக்கும் கலோரியில் 18 சதவீதத்தையும் புரதத்தில் 37 சதவீதத்தையும் தருகின்றன. உலக சோயாவில் ஏறத்தாழ முக்கால் பங்கு கால்நடைத் தீவனமாகத்தான் போகிறது. பிரேசிலின் செராடோ புல்வெளிக் காடு அழிந்து சோயா வயலானதில் இதுபோன்ற ஷெட்டுகளுக்குப் பங்கு உண்டு.

தீவனம் ஒரு கண்டத்தில் விளைந்து இன்னொரு கண்டத்தில் எச்சமாக விழுவதில்தான் அடுத்த பிரச்சினை. விளைந்த மண்ணில் சத்து குறைந்துகொண்டே போகும், விழுந்த இடத்தில் அதே நைட்ரஜனும் பாஸ்பரசும் மண் தாங்காத அளவுக்குக் குவியும். சிறு பண்ணையில் சாணம் உரம், வயல் பக்கத்திலேயே இருக்கிறது. லட்சக்கணக்கில் விலங்கு நிற்கும் இடத்தில் அது அகற்ற வழியில்லாத கழிவு. 1995 ஜூனில் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பன்றிப் பண்ணையின் கழிவுக் குட்டை உடைந்து சுமார் 9.5 கோடி லிட்டர் நியூ ஆற்றில் கலந்தது, ஆறு முழுக்க மீன் செத்து மிதந்தது. பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரிட்டனியில் அந்நாட்டுப் பன்றிகளில் பாதிக்கு மேல் வளர்கின்றன. வயல்களிலிருந்து வடிந்து வரும் நைட்ரேட்டால் அங்கே கடற்கரையில் பச்சைப் பாசி குவிந்து அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு கிளம்புகிறது. 2009இல் அந்தப் பாசியில் சிக்கி ஒரு குதிரை செத்தது, அதில் வந்தவர் மயங்கி விழுந்து பிழைத்தார். 2019இல் நெதர்லாந்தின் உயர் நிர்வாக நீதிமன்றம் நைட்ரஜன் தொடர்பான அனுமதி முறையையே செல்லாது என்றது. அதன் பிறகு மந்தையைக் குறைக்கும் பேச்சு வந்தபோது விவசாயிகள் டிராக்டர்களோடு நெடுஞ்சாலைக்கு வந்தார்கள். அவர்கள் கோபத்தையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மந்தையைப் பெருக்கு, கடன் வாங்கு என்று அவர்களுக்குப் பல பத்தாண்டுகள் சொல்லிவந்தது வங்கிகளும் அரசும்தான்.

ஒப்பந்த முறையிலும் இதே கதை. குஞ்சும் தீவனமும் நிறுவனத்துடையவை. ஷெட்டும், அதன் கடனும், செத்த கோழியும், எச்சமும் பண்ணையாளருடையவை. நீங்கள் போய் "கோழியைக் குறையுங்கள்" என்று சொன்னால் அவர் தவணையைக் காட்டுவார். அவரை வில்லனாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள், உங்களைவிட அவருக்கு வழி குறைவு.

"ஆதிகாலத்திலிருந்தே மனிதன் விலங்கு வளர்க்கிறானே" என்று கேட்பவர்களுக்கு ஒரே வரி: பயிர் விளையாத நிலத்தில் மேய்ந்தும் மிச்சம் மீதியைத் தின்றும் வாழும் ஆடும் கோழியும் வேறு, நான் பேசிக்கொண்டிருப்பது வேறு. அறுப்பது எப்படியானாலும் சரியா தவறா என்பது தங்கையின் கேள்வியாக இருக்கலாம். அதற்கு என்னிடம் தீர்ப்பு இல்லை. உங்கள் முன்னால் இருப்பது அதைவிடக் குறுகிய கேள்வி.

கடினமான ஒன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பறவைக் காய்ச்சல் வந்தால் மந்தையை அழிக்கும் உத்தரவில் கையெழுத்துப் போடுவோரில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 வைரஸ் 18 பேரைத் தொற்றி 6 பேரைக் கொன்றபோது, அங்கிருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளை அழித்தார்கள். அது தேவைப்பட்டது. ஆனால் ஒரே கூரையின் கீழ் லட்சம் பறவை இருந்தால் எப்படிக் கொல்வது? அமெரிக்காவில் 2022இல் பல பண்ணைகளில் மின்விசிறியை நிறுத்தி, காற்று வழியை அடைத்து, வெப்பத்தை ஏற்றிச் சாகடித்தார்கள். மணிக்கணக்கில் நீளும் சாவு அது. கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல் சில சூழ்நிலைகளில் அதை அனுமதித்தது, அதே தொழிலில் இருந்த மருத்துவர்கள் பலர் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அப்படி ஒருநாள் வந்தால் எதில் கையெழுத்துப் போடுவீர்கள், எதில் மாட்டீர்கள் என்பதை நெருக்கடி நேரத்தில் யோசிக்க முடியாது. சேரும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்வது? கடன் என்பது நிஜம். வேலையை மறுத்துவிடு என்று சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நான் சொல்வது எளிது, அதனால் அப்படிச் சொல்லமாட்டேன். உணவுப் பாதுகாப்பு ஆய்வு, ஆன்டிபயாடிக் எதிர்ப்பைக் கண்காணிக்கும் ஆய்வகம், இறைச்சிக்கூடப் பரிசோதனை, சிறு பண்ணைகளுக்கான தடுப்பூசிப் பணி ஆகியவற்றுக்கு முதலில் விண்ணப்பித்துவிடுங்கள். சம்பளம் குறைவாக இருக்கும். குறைந்த சம்பளத்தில் தவணை கட்ட முடியும் என்றால் என் ஓட்டு அந்தப் பக்கம்தான்.

முடியாது என்றால் நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் நீங்களும் கேள்வி கேளுங்கள். கள மருத்துவர் கையெழுத்து இல்லாமல் ஆன்டிபயாடிக் ஷெட்டுக்குள் போகுமா? நான் மறுத்த மருந்தைக் கிளை மேலாளர் அனுப்ப முடியுமா? பாதப் புண்ணும் நடை குறைபாடும் ஒவ்வொரு பேட்சுக்கும் பதிவாகிறதா, பதிவானால் அடுத்த பேட்சின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லும் உரிமை எனக்கு உண்டா? மெதுவாக வளரும் இனத்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்குச் சிரித்தால் பரவாயில்லை, நிறையப் பேர் சிரிப்பார்கள். இரண்டாம் கேள்விக்குச் சிரித்தால் எழுந்து வந்துவிடுங்கள். உங்களுக்கு இருக்கப்போகும் ஒரே அதிகாரமும் அங்கே இல்லை என்று அர்த்தம்.

சேர்வதாக முடிவு செய்தால் தங்கையிடம் அப்பாவின் வாதத்தைச் சொல்லாதீர்கள், 'கோழிகளுக்கு நல்லது செய்யப் போகிறேன்' என்பதை அவர் நம்பமாட்டார். கடனுக்காகப் போகிறேன், மருந்து விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன், இந்தத் தேதியில் திரும்ப யோசிப்பேன் என்று சொல்லுங்கள். தேதியை உண்மையாகவே குறித்துவையுங்கள். இரண்டு ஆண்டில் அமோனியா மூக்குக்குப் பழகிவிடும், அதன் பிறகு யோசிக்க ஆள் இருக்காது.

இன்னொன்று. பண்ணையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் குஞ்சு இறக்கிய முதல் வாரத்து ஷெட்டுக்கு அழைத்துப்போவார்கள். புதுக் கூளம், மஞ்சள் குஞ்சுகள், எல்லாம் அழகாக இருக்கும். பிடித்து ஏற்றுவதற்கு முந்தைய நாள் ஷெட்டைக் காட்டச் சொல்லுங்கள்.